அருபா 2530-24ஜி சுவிட்ச்: கோப்புகளை ஏற்றி இறக்கும் வசதியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கணினிகளை ஒரே வலையமைப்பில் இணைக்கும் பெட்டியான சுவிட்சில், நிர்வகிக்கக்கூடிய வகை ஒன்றை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை போர்ட், என்ன வேகம், என்ன விலை என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அலுவலகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் வலையமைப்புப் பராமரிப்பு வேலை செய்துவரும் நான் இந்த மூன்றுக்கும் முன்னதாக வேறொன்றைப் பார்க்கிறேன். சுவிட்சை இயக்கும் மென்பொருள் கோப்பையும், அதில் நாம் செய்துவைத்த அமைப்புகளைத் தாங்கிய கொன்பிக் கோப்பையும் எவ்வளவு இலகுவாக உள்ளே ஏற்றவும் வெளியே எடுக்கவும் முடிகிறது என்பதுதான் அது. நிபுணர் ஒருவரை அழைத்தால் அவர் கொழும்பிலிருந்து நாடு முழுவதையும் குறுக்கே கடந்து வர வேண்டிய இடத்தில், பழுதான சுவிட்சுக்குப் பதிலாக இன்னொன்று பஸ்ஸில் பார்சலாக வந்து சேர்ந்தவுடன் பழைய கொன்பிக் கோப்பு கையில் இருந்தால் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் எந்தப் போர்ட் எந்த விலானுக்கு (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி வலையமைப்புக்கு) சேர்ந்தது என்று கேபிள் கேபிளாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இங்கே மதிப்பிடப்படும் சுவிட்ச் 2530-24ஜி. மாதிரி எண் ஜே9776ஏ. இந்த வரிசை முதலில் எச்.பி. என்ற பெயரிலேயே வந்தது. 2015இல் எச்.பி. நிறுவனம் அருபா நெட்வேர்க்ஸை வாங்கிய பின்னர் அருபா என்ற பெயர் முகப்பில் ஏறியது. ஆகவே சந்தையில் இரண்டு பெயர்களிலும் கிடைக்கும்; உள்ளே இருப்பது ஒன்றுதான். 24 கிகாபிட் போர்ட்டுகளும் பைபர் இணைப்புக்கான 4 எஸ்.எப்.பி. போர்ட்டுகளும் இதில் உள்ளன. மின்விசிறி கிடையாது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் கிடக்கும் கல்லடி போன்ற இடங்களில் உப்புக் காற்றையும் தூசியையும் உள்ளே இழுத்துத் தள்ளும் விசிறி இல்லாதிருப்பது சிறிய விடயமல்ல. எங்கள் பக்கம் இது இப்போது பெரும்பாலும் பாவித்த பொருளாகவே கைக்கு வருகிறது. நான் பராமரிப்பவையும் கொழும்பில் ஒரு கடையில் பாவித்த நிலையில் வாங்கப்பட்டவையே.

இந்தச் சுவிட்சைப் பற்றி முதலில் சொல்லப்பட வேண்டிய சிறப்பு, மென்பொருளை வைப்பதற்கு அதன் பிளாஷ் நினைவகத்தில் பிரைமரி, செகண்டரி என்று தனித்தனியாக இரண்டு இடங்கள் இருப்பதாகும். 'ஷோ பிளாஷ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் இரண்டிலும் உள்ள மென்பொருளின் அளவு, திகதி, பதிப்பு எண் ஆகியவற்றோடு, அடுத்த தடவை எதிலிருந்து தொடங்கும் என்பதும் ஒரே பார்வையில் தெரியும். புதிய பதிப்பைச் செகண்டரியில் மட்டும் ஏற்றி, 'பூட் சிஸ்டம் பிளாஷ் செகண்டரி' என்ற கட்டளையால் அதிலிருந்து தொடங்கவைத்து, எல்லாம் ஒழுங்காக இயங்குகிறதா என்று சில நாட்கள் பார்த்த பின்னர், பிரைமரியிலும் அதையே பிரதி செய்துகொள்ளலாம். சரிவராவிட்டால் பிரைமரியிலிருந்து மீண்டும் தொடங்கினால் பழைய பதிப்பு அப்படியே காத்திருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பிரதி செய்யும் கட்டளையில் இடத்தின் பெயரைக் குறிப்பிடாவிட்டால் சுவிட்ச் அதைப் பிரைமரி என்றே எடுத்துக்கொள்ளும். 'பிரைமரி மென்பொருள் அழிக்கப்படும், தொடரவா?' என்ற கேள்வி வரும்போது 'வை' என்ற எழுத்தைத் தட்டுவதற்கு முன் அந்த வரியை வாசிக்கும் பழக்கம் வேண்டும்.

இரண்டு இடங்கள் இருப்பதன் அருமை எங்கள் பகுதியின் மின்தடையில்தான் விளங்கும். களுவாஞ்சிக்குடியில் நான் பராமரிக்கும் ஒரு கிளை அலுவலகத்தில், எழுதுவினைஞர் ஒருவரைத் தொலைபேசியில் வழிநடத்தி, அவருடைய மடிகணினியிலிருந்து செகண்டரிக்குப் புதிய மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் மாரி மழையோடு மின்சாரம் நின்றது. யூ.பி.எஸ். இருந்தது, ஆனால் பற்றரி காலாவதியானது. சற்று நேரத்தில் அவர் மீண்டும் அழைத்தார். "சேர், கரண்ட் போயித்து வந்திரிச்சு, லைட்டெல்லாம் எரியுது, கொம்பியூட்டரெல்லாம் வேலை செய்யுது, ஆனா நாம போட்ட பைல் மட்டும் இல்ல" என்றார். அதுவே நடக்க வேண்டியதும். வரும் கோப்பு முழுமையானதா, இந்த மாதிரிக்கு உரியதா என்று சரிபார்த்த பின்னரே சுவிட்ச் அதை எழுதத் தொடங்குகிறது. பிரைமரியை எவரும் தொடவில்லையாதலால் அது பழைய பதிப்பிலேயே எழுந்து நின்றது. மென்பொருளுக்கு ஒரேயொரு இடம் மட்டும் உள்ள மலிவான சுவிட்சில் இதே மின்தடை எழுதும் நேரத்தில் வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். எனினும் ஒரு எச்சரிக்கை. சில பதிப்புகள் மென்பொருளோடு சேர்த்து, மின்சாரம் வந்ததும் சுவிட்சை முதலில் எழுப்பும் பூட் ரொம் பகுதியையும் புதுப்பிக்கும். அந்தப் பகுதிக்கு இரண்டாம் இடம் கிடையாது; ஆகவே வெளியீட்டுக் குறிப்பில் பூட் ரொம் பற்றிய வரி இருந்தால் நல்ல பற்றரி உள்ள யூ.பி.எஸ். இல்லாமல் கை வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பிற்பகல் இடிமழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் நல்லது.

கோப்பை எந்த வழியில் அனுப்புவது என்பதற்கு வருவோம். பெரும்பாலானோர் கையாள்வது ரி.எப்.ரி.பி. முறை. 1992இல் வெளியான ஆர்.எப்.சி. 1350 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்ட இந்தக் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை யூ.டி.பி. 69ஆம் இலக்கப் போர்ட்டில் இயங்குவது (இந்தப் போர்ட் கேபிள் செருகும் இடமல்ல, மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் கதவு இலக்கம்). பெயர் கேட்காது, கடவுச்சொல் கேட்காது, அனுப்புவதை மறைக்குறியாக்கவும் செய்யாது. மடிகணினியில் கோப்பை வழங்கும் ரி.எப்.ரி.பி. சேவர் மென்பொருள் ஒன்றை இயக்கி, சுவிட்சில் அந்தக் கணினியின் ஐ.பி. முகவரியையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் போதும். திரையின் ஒரு மூலையில் எத்தனை கிலோபைட் வந்து சேர்ந்தது என்ற எண் ஏறிக்கொண்டே போகும். அந்த எண் பூச்சியத்திலேயே நின்றுவிட்டால் சுவிட்சைக் குறை சொல்ல வேண்டாம். விண்டோஸ் பயர்வோல் மறித்துக்கொண்டிருக்கிறது என்பதே அநேகமாகக் காரணம். ரி.எப்.ரி.பி. கோரிக்கை மட்டுமே 69ஆம் போர்ட்டுக்குப் போகிறது, மீதிப் பரிமாற்றம் முழுவதும் வேறொரு போர்ட்டில் நடக்கிறது என்பதால், 69ஐ மட்டும் திறந்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் விளங்குவதில்லை. சேவர் மென்பொருளுக்கே அனுமதி கொடுப்பதுதான் சரியான வழி.

ஒரே அறைக்குள் ரி.எப்.ரி.பி. வேகமாகவே இருக்கும். தொலைவிலிருந்து செய்யும்போதுதான் அதன் வயது தெரிகிறது. கூடுதல் விருப்பங்கள் இல்லாத அடிப்படை முறையில் கோப்பு 512 பைட் துண்டுகளாகப் போகும். ஒரு துண்டு கிடைத்தது என்ற பதில் வந்த பின்னரே அடுத்த துண்டு புறப்படும். 10 மெகாபைட் கோப்பு என்றால் 20,480 துண்டுகள். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக் கிளைக்கு வி.பி.என். என்ற, இணையத்தினூடான தனி இணைப்பு வழியாகப் போய்வர 50 மில்லிசெக்கன் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், காத்திருப்பில் மட்டுமே 17 நிமிடங்கள் கழிந்துவிடும். இடையில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். துண்டு இலக்கத்துக்கு 16 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருப்பதால் அந்த அடிப்படை முறையில் ஏறக்குறைய 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அனுப்பவும் இயலாது. இந்த வரிசைச் சுவிட்சின் கோப்புகள் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுவதால் இங்கே அது பிரச்சினையாக எழுவதில்லை.

என் முக்கியமான குறை வேறு. இந்தச் சுவிட்சில் ரி.எப்.ரி.பி. தொடக்கத்திலேயே இயங்கு நிலையில் விடப்பட்டிருக்கிறது. கோப்பைப் பெறும் பக்கம் மட்டுமன்றிக் கொடுக்கும் பக்கமும் திறந்தே இருப்பதால், வலையமைப்புக்குள் இருக்கும் எவரும் சுவிட்சின் கொன்பிக் கோப்பைக் கேட்டு வாங்கிவிடக்கூடிய நிலை உண்டு. மாணவர்கள் தம் கைபேசிகளை இணைக்கும் ஒரு கல்வி நிலையத்தில் இதை அப்படியே விட்டுவைப்பது பொறுப்பில்லாத செயல். தயாரிப்பாளர் இதை மூடிய நிலையில் தந்து, தேவைப்படுபவர் திறந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்க வேண்டும். மூடுவது கடினமல்ல என்பது ஆறுதல். 'ஐபி எஸ்எஸ்எச் பைல்ரான்ஸ்பர்' என்ற ஒற்றைக் கட்டளை, எஸ்.எஸ்.எச். என்ற மறைக்குறியாக்கிய இணைப்பின் வழியே கோப்பை அனுப்பும் பாதுகாப்பான எஸ்.சி.பி., எஸ்.எப்.ரி.பி. முறைகளைத் திறப்பதோடு, ரி.எப்.ரி.பி.யைத் தானாகவே மூடிவிட்டு, மூடிவிட்டேன் என்று திரையில் ஒரு வரியிலும் சொல்லிவிடும்.

அந்தக் கட்டளைக்குப் பிறகு இந்தச் சுவிட்சோடு பழகுவது உண்மையிலேயே இனிமையாகிறது. எஸ்.எப்.ரி.பி. வழியாக உள்ளே நுழைந்தால் ஒரு சிறிய கணினியின் அடைவுகளைப் போல எல்லாம் வரிசையாகத் தெரியும்: சி.எப்.ஜி. என்ற அடைவுக்குள் இயங்கும் கொன்பிக்கும் தொடக்கக் கொன்பிக்கும் இருக்கும், ஓ.எஸ். என்ற அடைவுக்குள் பிரைமரி, செகண்டரி என்ற இரு மென்பொருள்களும் இருக்கும். லொக் அடைவுக்குள் கோளாறுப் பதிவுகள் இருக்கும். புதிய மென்பொருளைச் செகண்டரி என்ற பெயரின் மேல் பிரதி செய்தால் ஏற்றிய கணக்குத்தான். தனியாக ஒரு சேவர் மென்பொருளை நிறுவவும், பயர்வோலோடு மல்லுக்கட்டவும் வேண்டியதில்லை. கடவுச்சொல் கேட்கப்படுகிறது, பரிமாற்றம் மறைக்குறியாக்கப்படுகிறது. ஒரு நேரத்தில் ஒரு பரிமாற்றம்தான் நடக்கும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. இரண்டு பேர் ஒரே சுவிட்சில் ஒரே நேரத்தில் கோப்பு ஏற்ற முயல்வது எப்படியும் நல்ல சகுனமல்ல.

ஆனால் பழைய மென்பொருளோடு வரும் சுவிட்சும் புதிய மடிகணினியும் முதல் சந்திப்பில் கைகுலுக்க மறுக்கலாம். மடிகணினியில் எஸ்.எஸ்.எச். இணைப்பை ஏற்படுத்தும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். மென்பொருளின், 2021இல் வெளியான 8.8 பதிப்பிலிருந்து, சுவிட்ச் தன்னை அடையாளம் காட்டப் பயன்படுத்தும் எஸ்.எச்.ஏ.-1 அடிப்படையிலான பழைய ஆர்.எஸ்.ஏ. கையொப்ப முறை தொடக்க நிலையில் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை, 2022இன் 9.0 பதிப்பிலிருந்து எஸ்.சி.பி. கட்டளையே உள்ளுக்குள் எஸ்.எப்.ரி.பி. முறைக்கு மாறிவிட்டது. முதலாவதற்கு இணைப்பின்போது பழைய முறையை ஏற்குமாறு விருப்பம் ஒன்றைச் சேர்க்க வேண்டும்; இரண்டாவதற்கு எஸ்.சி.பி. கட்டளையோடு பெரிய 'ஓ' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பழைய முறையில் பேசும். இந்த இரண்டும் தெரியாமல், கடவுச்சொல் பிழை என்று நினைத்துச் சுவிட்சையே முழுமையாக மீளமைத்தவர்களை நான் அறிவேன். முதலில் ரி.எப்.ரி.பி.யால் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, அதன் பின்னர் அதை மூடிவிடுவது இங்கே நடைமுறைக்கு ஏற்ற ஒழுங்கு.

மூன்றாவது வழியான எக்ஸ்மொடெம், கணினியைச் சுவிட்சோடு நேரடியாக இணைக்கும் கொன்சோல் கேபிள் வழியாக நடப்பது. இரண்டு மென்பொருள்களும் கெட்டு, சுவிட்ச் வலையமைப்பையே அறியாத நிலைக்குப் போனால் மட்டுமே அது தேவைப்படும். செக்கனுக்கு 115,200 பிட் வேகத்தில் 10 மெகாபைட் கோப்புக்கு மிகக் குறைந்தது 15 நிமிடங்கள் ஆகும். 9,600 வேகத்தில் விட்டால் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். வேகத்தை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மென்பொருளை விட கொன்பிக் கோப்பே எங்களுக்கு அடிக்கடி தேவைப்படுவது. இதில் அந்தக் கோப்பு எவரும் திறந்து வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். முதல் வரி அரைப்புள்ளியில் தொடங்கி, ஜே9776ஏ என்ற மாதிரி எண்ணையும் ஒய்.ஏ. என்று ஆரம்பிக்கும் மென்பொருள் பதிப்பு எண்ணையும் சொல்லும். அதன் கீழே சுவிட்சின் பெயர். அதன் கீழே ஒவ்வொரு விலானும் அதற்குரிய போர்ட்டுகளும். விலான் 20 என்ற தலைப்பின் கீழ் 'கணக்குப் பிரிவு' என்பதைக் குறிக்கும் பெயரும், 1 முதல் 12 வரையான போர்ட்டுகள் அன்ராக்ட் (விலான் அடையாளம் இல்லாமல் கணினிகள் செருகப்படுபவை), 24ஆம் போர்ட் ராக்ட் (விலான் அடையாளத்தோடு அடுத்த சுவிட்சுக்குப் போவது) என்ற வரிகளும் இருந்தால், அந்த அலுவலகத்தை ஒருபோதும் பார்க்காத ஒருவரும் எந்தக் கேபிள் எங்கே போக வேண்டும் என்று ஊகித்துவிடுவார். இன்றைய கோப்பையும் ஆறு மாதத்துக்கு முந்திய கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எவர் எதை மாற்றினார் என்று கண்டுபிடிக்கலாம். உலாவி வழியாக மட்டும் நிர்வகிக்கும் மலிவான சுவிட்சுகள் சில தரும் காப்புக் கோப்பைத் திறந்தால் புரியாத குறியீடுகள்தான் தெரியும். அதை அதே சுவிட்சில் திரும்ப ஏற்றலாம் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

கோப்பைத் திரும்ப ஏற்றும்போது அது நேராகத் தொடக்கக் கொன்பிக்கின் இடத்தில் போய் அமர்கிறது; உடனே சுவிட்ச் மீள்தொடக்கத்துக்குப் போகிறது. இது நல்ல முடிவு. ஏற்றப்பட்டது மட்டுமே மிஞ்சும், பழையதன் மிச்சம் எதுவும் ஒட்டிக்கொண்டிராது. வகுப்பு நடக்கும் நேரத்தில் செய்யக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே மாதிரியான இன்னொரு சுவிட்சில் ஏற்றலாம். முதல் வரியிலுள்ள மாதிரி எண் சரிபார்க்கப்படுவதால் 48 போர்ட் மாதிரியில் அப்படியே ஏற்ற முடியாது. மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு முன்னரும் கொன்பிக்கை வெளியே எடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு முழுமையாகப் புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்த குறை இந்தக் காப்புப் பிரதியைப் பற்றியது. தொடக்க நிலையில் நிர்வாகியின் கடவுச்சொல் கொன்பிக் கோப்பில் சேர்க்கப்படுவதில்லை; சுவிட்சின் உள் நினைவகத்தில் தனியாக இருக்கிறது. கோப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறவர்களை இது காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கோப்பைப் புதிய சுவிட்சில் ஏற்றியதும் விலான்கள் அத்தனையும் சரியாக வந்து, கடவுச்சொல் மட்டும் இல்லாத சுவிட்ச் ஒன்று சுவரில் ஏறிவிடுகிறது. எல்லாம் இயங்குவதால் எவரும் அதைக் கவனிப்பதும் இல்லை. 'இன்குளூட் கிரெடென்ஷல்ஸ்' என்ற கட்டளையால் இதை மாற்றலாம். அப்படி மாற்றிய பிறகு அந்தக் கோப்பைச் சாவியைப் போலவே பாதுகாக்க வேண்டும். இரண்டில் எதைத் தெரிவு செய்தாலும் ஏற்றும்போது திரையில் ஒரு வரி எச்சரிக்கையாவது வந்திருக்கலாம் என்பது என் மனக்குறை.

ஒப்பீட்டுக்கு, எங்கள் பகுதியில் அதே அளவு பரவலாகக் காணப்படும் சிஸ்கோ கற்றலிஸ்ட் 2960ஐ எடுத்துக்கொள்ளலாம். அதுவும் எழுத்துக் கோப்பையே தருகிறது. ஆயினும் தொடக்க நிலையில் விலான்களின் பட்டியல் கொன்பிக் கோப்பில் இல்லாமல் பிளாஷில் 'விலான் டாட்' என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. கொன்பிக்கை மட்டும் காப்பெடுத்து, சுவிட்ச் பழுதான நாளில் அதை ஏற்றினால், அங்கே இல்லாத விலான்களைத் தேடிக்கொண்டு போர்ட்டுகள் நிற்கும். விலான் பட்டியலைச் சுவிட்சுகளிடையே பரப்பும் வி.ரி.பி.யை ரான்ஸ்பேரன்ட் நிலைக்கு மாற்றிவிட்டால் விலான்களும் கொன்பிக்கிலேயே வந்துவிடும். வெளியிலிருந்து இயங்கும் கொன்பிக்கின் மேல் பிரதி செய்தால், அது பழையதை அகற்றாமல் பழையதோடு கலந்துவிடும் என்பதும் 2960இல் மறக்கக் கூடாத ஒன்று. அது குறைந்த சுவிட்ச் என்று சொல்ல மாட்டேன். அதைப் பழகியவருக்கு அதன் வசதிகள் அதிகம். தொலைபேசியில் ஓர் எழுதுவினைஞருக்குச் சொல்லிச் செய்விக்க வேண்டும் என்றால் 2530தான் எனக்கு இலகு.

பாவித்த 2530 ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன், கடையிலேயே கொன்சோல் கேபிளை இணைத்து 'ஷோ பிளாஷ்' கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு இடங்களிலும் மென்பொருள் இருக்க வேண்டும். ஒன்று காலியாக இருந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். எனக்கு விற்கப்பட்டவற்றில் ஒன்று முந்திய உரிமையாளரின் கொன்பிக்கோடும் கடவுச்சொல்லோடும் அப்படியே வந்தது. முகப்பிலுள்ள கிளியர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கடவுச்சொல் நீங்கும். ரீசெட், கிளியர் இரண்டையும் உரிய ஒழுங்கில் அழுத்தினால் எல்லாம் அழிந்து தொழிற்சாலை நிலைக்கு வரும். முந்திய உரிமையாளர் அந்தப் பொத்தானையே முடக்கி வைத்திருக்கவும் கூடும் என்பதால் அதையும் கடையில் வைத்தே சோதிப்பது நல்லது. கொன்சோல் போர்ட்டின் உள்ளே பார்த்து, செப்புக் கம்பிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். கடலோரத்தில் பாவிக்கப்பட்ட சுவிட்சில் எல்லாப் போர்ட்டும் வேலை செய்து, அவசரத்துக்கு வேண்டிய அந்த ஒரு போர்ட் மட்டும் பேசாமல் இருப்பது உண்டு.